தேத்தண்ணிக் கடையில் கேட்ட சொல்

அன்புள்ள தம்பி,

போன கிழமை கம்பஸுக்குக் கிட்ட உள்ள தேத்தண்ணிக் கடையில் உனக்குப் பின் வாங்கில் இருந்தது நான்தான். நீ காணவில்லை. உன்னோடு படிக்கும் ஹற்றன் பெடியனைப் பற்றி, "தோட்டக்காட்டான், குறைஞ்ச இசட் ஸ்கோரில வந்திட்டான்" என்றாய். மலையகத் தமிழரை இழிவாகச் சொல்லும் சொல் அது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் வாய் திறக்காமல் எழும்பி வந்துவிட்டேன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், கம்பஸுக்கு ஆள் எடுக்கப் பார்க்கும் அந்த ஸ்கோரின் கதை. உங்கள் விஞ்ஞானப் பிரிவு இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் ஹற்றன் உள்ள நுவரெலியாவும் இருக்கிறது, முல்லைத்தீவும் மன்னாரும் இருக்கின்றன. உன் முல்லைத்தீவுக் கூட்டாளியிடம் ஒருநாளாவது ஸ்கோர் கேட்டாயா? அப்படியென்றால் பிரச்சினை ஸ்கோர் இல்லை.

ஹென்றி தஷ்ஃபெல் என்ற உளவியலாளர் பிரிஸ்டல் பள்ளிப் பெடியன்களை வைத்துச் செய்த ஆய்வு 1971 இல் வெளிவந்தது. க்ளே, கண்டின்ஸ்கி என்ற இரு ஓவியர்களில் யாரைப் பிடிக்கிறது என்பதை வைத்துப் பிரித்ததாக அவர்களிடம் சொன்னார்கள். உண்மையில் கண்ணை மூடிக்கொண்டு பிரித்ததுதான். பிறகு மற்றவர்களுக்குக் காசு பங்கிடச் சொன்னபோது, தங்கள் பக்கத்துக்குக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, மற்றப் பக்கத்தைவிடக் கூடவாக இருக்கவேண்டும் என்று பார்த்தார்கள். பகையும் இல்லை, பழைய கணக்கும் இல்லை. கோடு மட்டும்தான். தஷ்ஃபெல் போலந்து யூதர். பிரெஞ்சுக்காரர் என்ற அடையாளத்தில்தான் ஜெர்மன் சிறைமுகாமில் உயிர் தப்பினார். கோட்டின் பெறுமதி அவருக்குத் தெரியும்.

நம்முடைய கோடு இன்னும் விசித்திரம். மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டம் 1948 இல் வந்தது. அந்தப் பிரச்சினையில்தான், நாங்கள் தந்தை செல்வா என்று கொண்டாடும் செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸை விட்டுப் பிரிந்து 1949 இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். மேடையில் தந்தை செல்வா, கடையில் தோட்டக்காட்டான். நல்ல பொருத்தம்.

ஒரே மண்டபத்தில் இருந்தால் இது தானாகப் போய்விடும் என்று நினைக்காதே. சந்திப்பு மட்டும் போதாது, சம அந்தஸ்தும் சேர்ந்து செய்ய ஒரு வேலையும் வேண்டும் என்று ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954 இலேயே எழுதினார். எனக்கு அது பட்டுத்தான் தெரிந்தது. முதலாம் வருடம் மலையகத்துப் பண்டாரவளைப் பெடியன் ஒருவனோடு ஒரே அறை. மாதக்கணக்கில் என் எண்ணம் அசையவில்லை. காசும் வேலையும் பங்கு போட்டுச் சமைக்கத் தொடங்கிய பிறகுதான் அவனோடு ஒழுங்காகக் கதைத்தேன். என் சோறு குழைந்துபோகும். அவன்தான் வடிக்கக் காட்டித்தந்தான்.

சனிக்கிழமை ஒடியல் கூழ் காய்ச்சுகிறேன். அந்தப் பெடியனையும் கூட்டிக்கொண்டு வா. நண்டும் மீனும் துப்புரவாக்குவது நீங்கள் இரண்டு பேரும்.

பக்கத்து வீட்டு அண்ணா