பையை யாரிடம் விட்டுப் போவது, பிள்ளை?

மூதூர்
வைகாசி மாதம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே சுகம். அம்மாவின் கை உளைவு கொஞ்சம் குறைந்திருக்கிறது. "ஒரு நாள்தானே அப்பா, பைகளை எங்காவது மலிவாக வைக்க ஓர் இடம் சொல்லுங்கோ" என்று நீ போனில் கேட்டது இரண்டு நாளாக மனதில் கிடக்கிறது. திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் 22 வருடம் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவனிடம் கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் பாதியை மறந்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். தம்பி படமெடுத்து உனக்கு அனுப்புவான்.

முதலில் உங்கள் பயணத்தை நான் விளங்கிக்கொண்ட மாதிரிச் சொல்கிறேன், பிழையென்றால் திருத்து. நீங்கள் நாலு பேர். இரவு மெயில் கோச்சியில் (ரயிலில்) கொழும்புக் கோட்டை ஸ்டேசனில் ஏறி விடிய முந்தித் திருகோணமலையில் இறங்குகிறீர்கள். பகல் முழுக்கச் சுற்றிவிட்டுச் சிநேகிதிகள் மூவரும் அன்றிரவே கோச்சியில் திரும்ப, நீ மட்டும் மூதூருக்கு வீட்டுக்கு வருகிறாய். பைகளை இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பிப் போகலாமே என்று அம்மா சொன்னாள். கிண்ணியாவிலும் மற்ற இடங்களிலும் பாலங்கள் வந்த பிறகு, பாதை என்கிற மிதவைப் படகுக்குக் காத்து நிற்கிற வேலை இல்லைதான். என்றாலும் வந்து போகவே அரைநாள் போய்விடும். அது சரிவராது.

எங்கள் பழைய கடையில் வைக்கலாம் என்று நீ நினைத்திருப்பாய். இப்போது அது போன் திருத்துகிற கடை. அந்தத் தம்பி நல்ல பிள்ளை, கேட்டால் மறுக்கமாட்டான். ஆனால் ஒன்பது மணிக்குத்தான் கதவு திறப்பான். நீங்கள் இறங்குகிற நேரம் ஊர் இருட்டு. எட்டு மணித்தியாலத்துக்குக் கிட்ட இருந்து வந்த உடம்போடு, பையையும் தூக்கிக்கொண்டு, கடை திறக்கும்வரை தெருவில் நிற்கக்கூடாது.

கோட்டை ஸ்டேசனில் பையை ஒப்படைத்துத் துண்டு வாங்குகிற இடம் இருக்கிறது. அதே நினைப்பில் திருகோணமலை ஸ்டேசனை நம்பி வராதே. சிறிய ஸ்டேசன். அங்கே நிற்பவர்கள் மனமிரங்கி ஒரு மூலையைக் காட்டினாலும் அது அவர்களுடைய வேலையல்ல. ஆள் மாறும்போது உன் பையைப் பற்றி அடுத்தவருக்குத் தெரியாது.

நான் சொல்வது இதுதான். நாலு பேரும் சேர்ந்து ஒரு அறையை ஒரு பகலுக்கு எடுங்கள். "பகலுக்கு மட்டும், இரவு தங்கவில்லை" என்று முன்கூட்டியே போனில் சொல்லி விலை பேசு. இரவுக் கட்டணத்தில் பாதியிலிருந்து பேச்சைத் தொடங்கு. நாலாகப் பிரித்தால் பெரிய தொகையாக வராது. முகம் கழுவ, உடுப்பு மாற்ற, பின்னேரம் உப்புத்தண்ணியைக் கழுவிக் குளிக்க இடம் கிடைக்கும். பெண் பிள்ளைகளுக்கு இது பையைவிடப் பெரிய விஷயம். பஸ் நிலையத்தைச் சுற்றி நான் கண்ட பொது மலசலகூடங்களை நினைத்துத்தான் சொல்கிறேன்.

அறை எங்கே எடுப்பது என்பதை நாள் எங்கே முடிகிறது என்று பார்த்துத் தீர்மானி. எல்லோரும் இறங்கின இடத்திலேயே பையை வைத்துவிட்டுப் போவார்கள். பிறகு நிலாவெளியில் கடலை விட்டு வர மனமில்லாமல் நின்று, கடை பூட்டப் போகிறது என்று ஓடி வருவார்கள். இப்படி வேர்த்து விறுவிறுத்து வந்து என் கடைக் கதவைத் தட்டினவர்கள் எத்தனை பேர்!

உங்களுக்குப் புறாத்தீவுக்குப் போக ஆசை என்றாய். அப்படியென்றால் காலை வேளையிலேயே போ. தீவு நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் வரும், வெயில் ஏறினால் படகிலும் நிழல் கிடையாது. நிலாவெளி நகரத்திலிருந்து 16 கிலோமீற்றர், குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் போகிற பஸ் எல்லாம் அந்த வழிதான். ஆனால் அறையை அங்கே எடுக்காதே. நாள் முடிவது கோச்சியிலும் மூதூர் பஸ்ஸிலும். ஆகவே நகரத்துக்குள், ஸ்டேசனுக்கும் பஸ் நிலையத்துக்கும் இடையில் எடு. நிலாவெளிக்குத் துவாயும் மாற்று உடுப்பும் வைத்த ஒரு சிறிய பை மட்டும் கொண்டு போ. படகுக்காரர் "அக்கா, பையைக் கரையில் வையுங்கோ, பார்த்துக்கொள்வோம்" என்று நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனால் அடுத்த ஓட்டத்துக்கு அவரும் கடலுக்குள் போய்விடுவார்.

அறை சரிவராவிட்டால் சாப்பாட்டுக் கடைதான். காளி கோயிலடியிலும் பஸ் நிலையத்தைச் சுற்றியும் விடிய முந்தித் திறக்கிற தேத்தண்ணிக் கடைகள் உண்டு. உள்ளே போனவுடனே பையைப் பற்றிக் கேட்காதே. இருந்து சாப்பிடு. காசாளர் மேசையில் யார் இருக்கிறார் என்று பார். முதலாளியோ அவர் வீட்டு ஆளோ என்றால் கேள், சம்பளத்துக்கு நிற்கிற பையனிடம் கேட்காதே. அவன் ஓம் என்று சொல்லிவிடுவான், பகல் அவன் வேலை முடிந்து போனால் யாரிடம் கேட்பாய்? எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள், இடையில் பூட்டுவதுண்டா என்று கேள். வெள்ளிக்கிழமை என்றால் முஸ்லிம் ஆட்களின் கடைகள் ஜும்ஆத் தொழுகைக்குப் பூட்டும், அது உனக்குத் தெரியும். உன் சிநேகிதிகளுக்குத் தெரியாது. கடையின் போன் நம்பரை எழுதி வாங்கு. காசு எவ்வளவு என்று முதலே கேள். வேண்டாம் என்பார்கள். அப்படிச் சொன்னால் மத்தியானச் சாப்பாட்டை அங்கேயே சாப்பிடுங்கள், அதுதான் மரியாதை. நானும் பைக்குக் காசு வாங்கினதில்லை. திரும்பி வந்து ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போங்கள் என்பேன், அவ்வளவுதான்.

ஆட்டோவை நாள் முழுக்கப் பிடித்துப் பையை அதிலேயே விடலாம் என்று உன் சிநேகிதி ஒருத்தி சொன்னாளாம். தெரிந்த ஆள் என்றால் பரவாயில்லை. தெரியாத ஆளைக் கள்ளன் என்று நான் சொல்ல வரவில்லை. நீங்கள் கோணேசர் கோயிலுக்கு ஏறிப்போய் வரும் இடைவெளியில் அவர் சின்ன ஓட்டம் ஒன்றுக்குப் போவார், பிழைப்பு அப்படி. ஆட்டோவுக்குக் கதவும் இல்லை, பூட்டும் இல்லை.

கோயிலுக்குப் பெரிய பையோடு போகவே வேண்டாம். கோயிலுக்குப் போகிற வழியிலுள்ள பழைய கோட்டைக்குள் இன்றைக்கும் ஆமி (இராணுவம்) இருக்கிறது, வாசலில் மறித்துக் கேட்டால் திறந்து காட்ட வேண்டும். அதற்குப் பிறகு ஏற்றம். வழியில் மான்கள் ஆட்களுக்குப் பயமில்லாமல் வரும், பழவாசம் பட்டால் பையைக் கடித்து இழுக்கும். பிளாஸ்டிக் பை தின்று சாகிற மான்களும் உண்டு, ஆகவே பொலித்தீனில் ஒன்றும் கொண்டு போகாதே. சுவாமி மலை விளிம்பில் நின்று இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவைப் பார்க்கும்போது கை இரண்டும் சும்மா இருந்தால்தான் பார்த்த மாதிரி இருக்கும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் அதே கதைதான். ஏழு கிணற்றிலும் ஏழு சூடு. அள்ளி ஊற்றி முடியச் சுற்றிலும் ஈரம், பையை வைக்கக் காய்ந்த இடம் தேடித் திரிய வேண்டும்.

இனி எங்கே வைத்தாலும் செய்யவேண்டியது. அடையாள அட்டை, காசு, லாப்டொப், மருந்து, நகை ஆகியவை உன் தோளை விட்டு இறங்கக்கூடாது. சாப்பாட்டுச் சாமான் உள்ளே வைக்காதே, எறும்பும் எலியும் வரும். ஆமைப்பூட்டு ஒன்று வாங்கிப் போடு. இந்தியாவில் ரயில் நிலையத்தில் பூட்டாத பையை எடுக்கவேமாட்டார்கள், அது நல்ல பழக்கம். பையைக் கொடுக்கும்போது கடையோடு சேர்த்து ஒரு படம் எடு. கைபிடியில் நிறநூல் கட்டு.

நூல் ஏன் என்று கேட்பாய். 2002 இல் யுத்தநிறுத்தம் வந்த பிறகு தெற்கிலிருந்து ஆட்கள் பஸ் பஸ்ஸாக வந்தார்கள். கடைக்குள் அரிசி மூட்டைக்கு மேல் பை, விறகுக்கு மேல் பை. ஒருநாள் இரண்டு கறுப்புப் பைகள், ஒரே சாயல். கண்டியிலிருந்து வந்த குடும்பத்தின் பையை நான் வேறொருவர் கையில் கொடுத்துவிட்டேன். அந்தத் தாய் முகம் வெளிறி நின்றது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. குழந்தையின் மருந்து அதற்குள் இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன், பஸ் வெளிக்கிட முன் பிடித்துவிட்டேன். அன்றிலிருந்து சிகரெட் பெட்டி அட்டையை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியைப் பையில் கட்டி மறுபாதியை ஆளிடம் கொடுப்பேன். கிழிந்த விளிம்பு இரண்டும் பொருந்தினால்தான் பை. எழுத வாசிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும். உன் சின்னக் கையால் நீயும் எத்தனையோ அட்டை கிழித்துத் தந்திருக்கிறாய், நினைவிருக்கிறதா?

2006 சித்திரை வருடப்பிறப்புக்கு இரண்டு நாள் முந்தி மரக்கறிச் சந்தையில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு நான் யாருடைய பையும் வாங்கவில்லை. வாங்க முடியவில்லை, பிள்ளை. ஆள் இல்லாமல் ஒரு பை கிடந்தால் தெருவே வெறிச்சோடிவிடும். ஒரு கிழவி மருமகளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், கொஞ்சநேரம் வைத்திருங்கோ தம்பி என்று கேட்டார். மாட்டேன் என்றேன். அந்தச் சாக்குப் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெயிலில் நடந்து போனார். நான் செய்ததில் எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான். 2019 இல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கொழும்பில் நீயும் கண்டிருப்பாய், தோள்பையோடு போகிறவரை எல்லோரும் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். ஆகவே யாராவது கடைக்காரர் உன் பையைத் திறந்து காட்டச் சொன்னால் கோபிக்காதே. நீயே முந்திக்கொண்டு திறந்து காட்டு.

இன்னொன்று சொல்லி முடிக்கிறேன். தொண்ணூறுகளில் மன்னார்ப் பக்கத்து ஆள் ஒருவர் காலையில் ஒரு தோல் பை வைத்தார், பின்னேரம் வருவேன் என்று. வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. எறிந்துவிடச் சொன்னார்கள், பொலிசில் கொடுக்கச் சொன்னார்கள். அம்மாதான் வேண்டாம், உயிரோடு இருந்தால் வருவார் என்றாள். கூரைப் பலகையில் ஏற்றி வைத்தேன். எட்டு மாதம் கழித்து வந்தார். பாதி ஆளாக வந்தார். எங்கே இருந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பையைத் திறந்தார். மேலே பூப்போட்ட சின்னச் சட்டை ஒன்று, கடை மடிப்புக் கலையாமல். அதை விரித்துப் பார்த்து, "இனிப் பிள்ளைக்கு அளவில்லை" என்றார். உனக்கு அப்போது இரண்டு வயது. அவர் அதை மேசையில் வைத்துவிட்டுப் போனார். நீ அதைப் போட்டுக்கொண்டு நிற்கிற படம்தான் சாமியறைச் சுவரில் இருக்கிறது.

சரி பிள்ளை. நீங்கள் வருவது போயா (பௌர்ணமி) விடுமுறையில், அறைக்குச் சனம் கூடும். இந்தக் கிழமைக்குள் பேசி எடு. மூதூருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே பஸ் நிலையத்தில் விசாரித்து வை. சிநேகிதிகளைக் கோச்சி ஏற்றிவிட்டுத்தான் வருவேன் என்று நின்று பஸ்ஸைத் தவறவிடாதே. அப்படித் தவறினால் நிற்கிற இடத்திலேயே நின்று போன் பண்ணு, தம்பி மோட்டார்சைக்கிளில் வருவான். அவன் பின்னால் ஏற்றுகிற அளவுக்குப் பையைச் சிறிதாகக் கட்டு.

அம்மா பாரைக் கருவாடு வாங்கிக் காயவைத்திருக்கிறாள். சிநேகிதிகளுக்கும் மூன்று பொட்டலம் தனித்தனியாகக் கட்டித் தம்பியிடம் ஸ்டேசனுக்குக் கொடுத்தனுப்புவோம்.

அன்புடன்,
அப்பா