அம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்டு மூன்றாவது மனு

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்

அனுப்புநர்:
ஏலத்தோட்டக் கூலி வேலைக்குப் போகும் 41 பெண்கள் சார்பாக, அவர்களில் ஒருவருடைய மகள்

பொருள்: ஆராய்ச்சிக்காக எங்கள் ஊர்ப் பெண்களிடம் எடுத்த ரத்தத்தின் முடிவுகளைப் பெற்றுத் தரக் கோருதல்

அய்யா, வணக்கம்.

இதே விஷயத்துக்கு நான் எழுதும் மூன்றாவது மனு இது. முதல் இரண்டையும் திங்கட்கிழமை குறைதீர் நாளில் வரிசையில் நின்று கொடுத்தேன், ரசீது இரண்டும் பத்திரமாக இருக்கிறது. "சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது" என்று போனுக்கு ஒரு செய்தி வந்தது. எந்தத் துறை என்று அதில் இல்லை.

எங்கள் பக்கத்தைத் தங்களுக்கு விளக்கத் தேவையில்லை. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி மூன்று பாதையிலும் விடியும் முன்னே ஆள் ஏற்றிக்கொண்டு மேலே கேரளாவில் இருக்கிற ஏலத்தோட்டங்களுக்குப் போகிற ஜீப்புகளைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு ஜீப்பில் என் அம்மா 22 வருஷமாகப் போகிறார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெளியூரிலிருந்து ஒரு ஆராய்ச்சிக் குழு வந்தது. ஏலத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்து ஆட்களை என்ன செய்கிறது, அங்கே இருக்கிற உயிர்களை என்ன செய்கிறது என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் போகிறோம் என்றார்கள். 41 பெண்களிடம் ரத்தம் எடுத்தார்கள். அதே தோட்டத்தில் செத்துக் கிடந்த தேனீக்களைப் பொறுக்கினார்கள், கீழே ஓடுகிற ஓடையில் மீன் பிடித்தார்கள். நான் லேப் டெக்னீசியன் படிப்பு முடித்தவள், அதனால் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. எல்லோரையும் பயப்படாமல் கை நீட்டச் சொன்னதே நான்தான். அதனால்தான் இப்போது நானே எழுதுகிறேன்.

1. என் அம்மாவின் வலது கை நடுங்குகிறது. முதலில் மருந்தடிக்கிற வாரத்தில் மட்டும் நடுங்கியது, அடிப்பவர் முன்னால் போக அடுத்த நாளே பின்னால் இவர்கள் காய் எடுக்கப் போவார்கள், ஏலக்காய்ச் சரத்தில் இருக்கிற ஈரம் கையில் படும், அந்தக் கையோடுதான் மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறப்பார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கண் மங்குது, தலை சுத்துது, வாயில் எச்சில் ஊறிக்கிட்டே இருக்கு என்பார். இப்போது நடுக்கம் போவதே இல்லை. டீ டம்ளரை முக்கால்தான் ஊற்றிக் கொடுக்கிறேன், இல்லையென்றால் சேலையில் சிந்திவிடும். பூக்கட்ட முடியவில்லை. ஊசியில் நூல் கோர்க்கப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிறார். காய் எடுப்பது குறைந்துவிட்டது என்று கங்காணி இரண்டு முறை சத்தம் போட்டிருக்கிறார். ஒரு டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்றார், இன்னொருவர் வயசு என்றார் (அம்மாவுக்கு 49), மூன்றாமவர் மருந்துக் காற்றாக இருக்கலாம், பழைய ரத்த ரிப்போர்ட் இருந்தால் கொண்டு வா என்றார். அந்த ரிப்போர்ட்டைத்தான் அய்யா கேட்கிறேன்.

2. புதிதாக டெஸ்ட் எடுத்துக்கொள்ளலாமே என்று தாங்கள் நினைக்கலாம். அது முடியாது, ஏன் என்று சொல்கிறேன். குளோர்பைரிபாஸ், குயினால்பாஸ் மாதிரி மருந்துகள் உடம்பில் கோலினெஸ்டெரேஸ் என்ற நொதியை வேலை செய்ய விடாமல் அடக்குகின்றன, அதனால்தான் நடுக்கமும் கண் மங்கலும். இந்த நொதியின் அளவு ஆளுக்கு ஆள் இயல்பாகவே ரொம்ப மாறும். ஒருவருக்குப் பாதியாகக் குறைந்திருந்தாலும் பேப்பரில் 'நார்மல்' என்று வந்துவிடலாம். அதனால் குறைந்தது ஒரு மாதம் மருந்துப் பக்கமே போகாமல் இருக்கும்போது ஒரு தடவை எடுக்க வேண்டும், மருந்தடிப்பு நடக்கும்போது ஒரு தடவை எடுத்து அதே ஆளோடு ஒப்பிட வேண்டும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் இப்படித்தான் சட்டமே இருக்கிறது. சிவப்பணுவில் அந்த நொதி அவரவருடைய பழைய அளவில் 70 சதவீதத்துக்கு இறங்கினால் மருந்து வேலையிலிருந்து விலக்கிவிட வேண்டும், 80க்கு ஏறிய பிறகுதான் திரும்ப விடலாம். எங்கள் ஊரில் அந்தக் குழு இரண்டு தடவையும் எடுத்தது, மழையில்லாமல் வேலை நின்று எல்லோரும் வீட்டில் இருந்த பங்குனிக் கடைசியில் ஒன்று, ஆடியில் ஒன்று. சரியாகத்தான் செய்தார்கள். இந்த நொதி சில மாதங்களில் திரும்ப ஏறிவிடும், ஆகவே அன்றைக்கு எவ்வளவு இறங்கியிருந்தது என்பதை இன்றைக்கு எடுக்கிற ரத்தம் சொல்லாது. அது அவர்களுடைய கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கிறது.

3. தேனீ, மீன் முடிவும் வேண்டும். ஏலப்பூ காலையில் விரியும், தேனீ வந்து உட்கார்ந்தால்தான் காய் பிடிக்கும், அந்த நேரத்திலேயே மருந்தடித்தால் சரத்துக்கு அடியில் தேனீ கொத்தாக விழுந்து கிடக்கிறது என்று அம்மா சொல்கிறார். ஓடைப்பக்கம் முன்பு காது அடைக்கிற மாதிரி தவளைச் சத்தம் இருக்குமாம், இப்போது இல்லையாம். கேரளாவின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்த கதை தங்களுக்குத் தெரியும். கன்றுகள் ஊனமாகப் பிறப்பதை ஊர்க்காரர்கள் முதலில் பார்த்துச் சொன்னார்கள். மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் மனிதர்களைச் சோதித்து அறிக்கை கொடுக்க 2002 ஆனது, உச்ச நீதிமன்றத் தடை வர 2011 ஆனது. செத்த பறவையின் மூளையை எடுத்துப் பார்த்து, நான் மேலே சொன்ன கோலினெஸ்டெரேஸ் நொதி இயல்பான அளவில் பாதிகூட இல்லை என்றால் அந்த நொதியை அடக்குகிற வகை மருந்தால்தான் செத்தது என்று முடிவு செய்கிறார்கள். செத்த பறவைக்கு இருக்கிற இந்தக் கணக்கு உயிரோடு இருக்கிற என் அம்மாவுக்குக் கிடைக்கவில்லையே, அய்யா.

4. இங்கே கேட்டால் தோட்டம் கேரளாவில் இருக்கிறது, அங்கே போய்க் கேள் என்கிறார்கள். அங்கே கேட்டால் நீங்கள் தமிழ்நாட்டு ஆட்கள் என்கிறார்கள். தோட்ட அலுவலகத்தில் குழுவைக் கேள் என்கிறார்கள். குழு கொடுத்த நம்பர் சுவிட்ச் ஆஃப். நாங்கள் யாரைத்தான் கேட்பது?

5. கையெழுத்து வாங்கிய படிவத்தின் நகலைக்கூட எங்களுக்குத் தரவில்லை. ஆராய்ச்சியில் கலந்துகொண்டவர்களுக்கு அதன் பலன் போய்ச் சேர வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைகளே சொல்கின்றன. நாங்கள் பணம் கேட்கவில்லை, யார் மேலும் வழக்குப் போடவில்லை, எங்கள் உடம்பிலிருந்து எடுத்ததைப் பற்றித்தான் கேட்கிறோம்.

ஆகவே அந்தக் குழு சார்ந்த நிறுவனத்துக்குத் தாங்கள் ஒரு கடிதம் எழுதி, 41 பேருடைய இரண்டு தடவை முடிவையும் அவரவர் கையில் தமிழில் கிடைக்கச் செய்ய வேண்டும். வரும் பங்குனியில் வேலை நிற்கும்போது எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இந்த டெஸ்ட்டை எடுத்து வைக்க ஏற்பாடு செய்ய வேண்டும், அதற்கு ஒருநாள் சம்பளம் வாங்காமல் உடனிருந்து ரத்தம் எடுக்க நான் தயார். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் முதலாவதைச் செய்யுங்கள். கடிதம் ஒன்றுதான் அய்யா. தங்கள் கையெழுத்து இருந்தால் அவர்கள் பதில் சொல்வார்கள், என் கையெழுத்துக்குச் சொல்ல மாட்டார்கள். தயவுசெய்து இந்த மனுவையும் "சம்பந்தப்பட்ட துறைக்கு" என்று அனுப்பிவிடாதீர்கள்.

அன்றைக்குக் கொடுத்த நம்பர் சீட்டை அம்மா ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறார். அவருடைய எண் 37. தேடும்போது அந்த எண்ணை வைத்துத் தேடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
எண் 37-இன் மகள்

இணைப்பு: முந்தைய இரண்டு மனுக்களின் ரசீது நகல்கள், 41 பேரின் கையெழுத்து மற்றும் கைரேகை.