முதலில் ஐஸ், பிறகு டின்

மாலத்தீவு மீன்வளத் துறைக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சூரை மீனை (டூனா) வாங்கி, வெட்டி, உறையவைத்து விற்கும் தொழிலில் இருப்பவர்கள் நாங்கள். 2020 மார்ச் இறுதியில் எல்லையை மூடி, ஜூலை நடுவில் திறந்தீர்கள். இடைப்பட்ட மாதங்களில் ரிசார்ட் வருமானம் நின்றது. வெளியே விற்க மீன்தான் மிஞ்சியது. அரிசி முதல் டீசல் வரை டாலர் கொடுத்து வாங்கும் நாட்டுக்கு, கிலோ சூரை என்ன விலை போகிறது என்பது சின்ன விஷயமல்ல.

சூரையை டின்னில் அடைக்கும் ஆலை கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற பேச்சில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. 2011இல் வளர்ச்சி குன்றிய நாடுகள் பட்டியலிலிருந்து வெளியேறினீர்கள். 2013 முடிவோடு ஐரோப்பியச் சுங்கச் சலுகை போனது. டின் சூரைக்கு அங்கே 24 சதவீதச் சுங்கம். சேஷெல்ஸும் மொரீஷியஸும் அதைக் கட்டுவதில்லை. தூண்டிலில் ஒவ்வொன்றாகப் பிடித்தது என்ற பெருமை அந்த இடைவெளியை அடைக்காது.

மீனின் விலை விழுவது படகிலேயே. கடல்நீர் 29 டிகிரி. தூண்டிலில் துடித்த சூரையின் உடல் அதைவிடச் சூடு. செத்த மீனில் பாக்டீரியா ஹிஸ்டமினை, அதாவது சாப்பிடுபவரை நோயாக்கும் ஒரு நச்சுப் பொருளை, உண்டாக்கும். உண்டானபின் வேகவைத்தாலும், டின்னில் அடைத்தாலும், உறையவைத்தாலும் அது போகாது. இந்த வெப்பத்தில் கிடக்கும் மீன் செத்த 6 மணி நேரத்துக்குள் ஐஸுக்குப் போயாக வேண்டும் என்கிறது அமெரிக்க வழிகாட்டுதல்.

கணக்கு எளிது. ஒரு டன் மீனை 30 டிகிரியிலிருந்து 0க்கு இறக்க, ஏட்டளவில் 300 கிலோ ஐஸ் போதும். ஆனால் வெப்பக்காப்பு மெலிந்த மீன் அறை, திறந்து மூடும் மூடி, மறுநாள் வரை கரைவது எல்லாம் சேர்த்தால் மீனுக்குச் சமமாக ஐஸ் வேண்டும். தூண்டிலுக்கான இரைமீன்களை உயிரோடு வைக்கும் தொட்டி படகின் நடுவயிற்றைப் பிடித்துக்கொள்வதால் ஐஸுக்கு இடம் குறைவு. அதனால் பலரும் பாதிதான் ஏற்றுகிறார்கள். கட்டி ஐஸை மேலாகக் கொட்டினாலும் பயனில்லை, அடியில் கிடக்கும் மீன் சூடாகவே இருக்கும். நொறுக்கிய ஐஸைக் கடல்நீரில் கலந்த குழம்பில் முக்க வேண்டும்.

எங்கள் கோரிக்கைகளில் முக்கியமானது, கொள்முதல் விலையை வெப்பநிலையோடு கட்டுவது. முதுகெலும்பை ஒட்டி வெப்பமானியைக் குத்துங்கள். 4 டிகிரிக்குக் கீழே இருந்தால் ஒரு விலை, மேலே இருந்தால் குறைந்த விலை. எடைக்கு மட்டும் பணம் கொடுக்கும்வரை, ஐஸுக்குச் செலவழிப்பவர்தான் ஏமாளி.

அடுத்தது மின்சாரம். வெப்பநாட்டில் ஒரு டன் கட்டி ஐஸுக்குச் சுமார் 60, 70 யூனிட் போகும். தீவுக்குத் தீவு டீசல் எஞ்சினில் அதை ஓட்டினால் ஐஸ் விலை எண்ணெய் விலையோடு ஏறும். பகலில் சூரிய மின்சாரத்தில் உறையவைத்து இரவில் படகுக்குக் கொடுங்கள். ஐஸ் அறைதான் அங்கே மலிவான பேட்டரி.

புது ஆலைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை முதலில் படகு அறைகளின் காப்புக்கும் தீவு ஐஸ் நிலையங்களுக்கும் திருப்பும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மீன் பதனிடும் தொழிலில் உள்ள சிலர்
தூத்துக்குடி