நாம் போட்ட ஒட்டு

தரங்கம்பாடி,
வைகாசி, ஞாயிறு இரவு

டேய் வவ்வால்,

பொங்கலுக்கு நீ எழுதியதற்கு இப்போதுதான் பதில் போடுகிறேன். கோபப்படாதே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெரியவனுக்கு ஐடிஐயில் இடம் கிடைத்துவிட்டது. கெளுத்தி வீட்டில் மறுபடி சண்டை, மறுபடி சமாதானம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கப்பா பைபர் படகில் நாம் போட்ட ஒட்டு பெயர்ந்துவிட்டது.

பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சித்திரைக் கடைசியில் உன் தம்பி கரை திரும்பும்போது அலை ஒரு தடவை தூக்கி அடித்திருக்கிறது. மறுநாள் பார்த்தால் உள்ளே கணுக்கால் தண்ணீர். கரையேற்றிக் காய வைத்து, நாணயத்தால் தட்டிக்கொண்டே வந்தேன். மற்ற இடமெல்லாம் டங் டங்கென்று கேட்டது. முன்பக்கம், அணியத்துப் பக்கவாட்டில், முதல் குறுக்குப் பலகைக்கு நேர் கீழே மட்டும் அழுகின பூசணியைத் தட்டின மாதிரி சத்தம். விளிம்பில் உளியைக் கொடுத்து நெம்பினேன். அப்பளம் மாதிரி ஒரே தகடாக வந்துவிட்டது.

தகட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்க நீலப் பெயின்ட். அதில் வெள்ளையாக, கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறி, படகுப் பெயரில் வரும் 'துணை'யின் 'து'. உங்கப்பா எழுதினது. புரிகிறதா? பெயின்ட்டைக்கூடச் சுரண்டாமல் அதன் மேலேயே கண்ணாடி இழை 'மேட்'டைப் போட்டு ரெசின் பிசினைப் பூசியிருக்கிறோம். அந்த ஒட்டு பைபரைத் தொடவே இல்லை, பெயின்ட்டைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது.

மார்கழிப் பனி இறங்கிக் கிடந்த காலை அது. நீ மத்தியானம் திருப்பூருக்குப் பஸ் ஏற வேண்டும். அவசரம். மேலே பட்டி பூசித் தேய்த்து, "புதுப் படகு மாதிரி இருக்குல்ல?" என்று கேட்டாய். நானும் ஆமாம் என்றேன். அதற்கப்புறம் ஆறு வருஷம் உங்கப்பா அந்தப் படகில்தான் கடலுக்குப் போனார். எத்தனை தடவை வாடைக் காற்றில் தனியாகப் போயிருப்பார்! தகட்டைப் பார்த்ததிலிருந்து இதுதான் மனசுக்குள் ஓடுகிறது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

இந்தத் தடவை நாகப்பட்டினத்திலிருந்து ஒரு பைபர் மேஸ்திரியைக் கூட்டி வந்தேன். சம்பளம் கொடுத்ததோடு, கூடவே நின்று கையாள் வேலையும் பார்த்தேன். வந்த மனுஷன் விரிசலை விட்டுவிட்டு, உள்ளே இறங்கிப் பலகையை உதைத்துப் பார்த்தார். ஆடியது! பலகையைப் படகோடு பிடித்திருந்த பைபர் பட்டை எப்போதோ விட்டுப் போயிருக்கிறது. அதனால் ஒவ்வொரு அலைக்கும் அந்த இடத்துச் சுவர் உள்ளே போய் வெளியே வந்து, கம்பியை மாற்றி மாற்றி வளைத்தால் ஒடிவது போல ஒடிந்திருக்கிறது. "பலகையைக் கட்டாம வெளிய எத்தனை ஒட்டுப் போட்டாலும் திரும்ப விடும் தம்பி" என்றார். நமக்கு இது தோன்றவே இல்லையே மாப்ளே.

அப்புறம் கிரைண்டரை வைத்தார் பார், எனக்கு நெஞ்சே நின்றுவிட்டது. ஒரு சாண் விரிசலுக்கு முறம் அகலத்துக்குப் படகைத் தேய்க்கிறார். சுவர் கனம் 6 மில்லிமீட்டர் என்றால் அதைப் போலப் பன்னிரண்டு மடங்கு, அதாவது 7 சென்டிமீட்டருக்கு மேல், விரிசலின் இரண்டு பக்கமும் சரிவாக இறக்க வேண்டுமாம். காய்ந்த பைபரோடு புது ரெசின் கரைந்து கலக்காது. சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். அதனால் எவ்வளவு அகலமாகப் பிடிக்க இடம் கொடுக்கிறோமோ அவ்வளவு பலம். தேய்க்கத் தேய்க்க உள்ளிருந்து உப்புத் தண்ணீர் கசிந்தது. உப்பு இருக்கும்வரை ஈரம் போகாது என்று நாலு நாள் நல்ல தண்ணீரில் கழுவிக் கழுவி, ஒரு வாரம் வெயிலில் போட்டோம்.

ரெசினை இறுக வைக்கிற ஹார்ட்னர் விஷயம் உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். இந்த வெயிலுக்கு ஒரு கிலோ ரெசினுக்கு 10 மில்லிதான். முதலில், இறுகுவதை வேகப்படுத்துகிற கோபால்ட்டை ஊற்றி நன்றாகக் கலக்கிவிட்டு, அப்புறம்தான் ஹார்ட்னர். அது இரண்டும் நேருக்கு நேர் சேர்ந்தால் வெடிக்கும். அன்றைக்கு நாம் இரண்டையும் ஒரே மூடியில் அளந்தோம், ஞாபகம் இருக்கிறதா? நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. நம் கண் பிழைத்தது உங்கம்மா வேண்டுதல்தான்.

உட்பக்கம் தகரம் கொடுத்து அடைத்து, ஒரு மேட், நெய்த இழைத் துணியான ரோவிங் ஒன்று என்று மாற்றி மாற்றி, மூன்று அடுக்குப் போட்டதும் சூடு ஆறும்வரை நிறுத்தி, மறுபடி போட்டார். ரோலரை என்னிடம் கொடுத்துவிட்டார். வெள்ளையாகத் தெரிகிற இடமெல்லாம் காற்று. உருட்ட உருட்ட அந்த வெள்ளை மறைந்து, கீழே இருப்பது தேன் மாதிரி தெரியும். அந்த ஒரு மணி நேரம் எனக்கு வேறு நினைப்பே இல்லை. மக்கில் மிச்சமிருந்த ரெசின் திடீரென்று புகைந்து மக்கே உருகிப் போனது, அது தனிக் கதை.

விசைப்படகுக்காரர்களுக்கு ஜூன் 14 வரை தடைக்காலம். நமக்குத் தடை கிடையாது, அதனால் கரையில் கிடக்கிற ஒவ்வொரு நாளும் நஷ்டம்தான். தம்பி முணுமுணுக்கிறான். இருக்கட்டும். ஒரு வாரம் காயாமல் இறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் கரையோரம் நடந்தால் என் கண் எல்லாப் படகிலும் பட்டி பூசின இடத்தையே தேடுகிறது. சுனாமிக்கு அடுத்த வருஷம் லாரி லாரியாக வந்து இறங்கின படகுகள் இன்னும் ஓடுகின்றன. போகிற வீட்டிலெல்லாம் பலகையை உதைத்துப் பார்க்கச் சொல்கிறேன். சிலர் உதைத்தும் பார்த்தார்கள். இரண்டு படகில் ஆடியது.

பெயின்ட் அடித்தாயிற்று, அதே நீலம். பெயரை மட்டும் எழுதவில்லை. 'து'வின் வாலை உங்கப்பா இழுக்கிற இழுப்பு எனக்கு வராது, உனக்கு வரும். தகட்டை எடுத்து வைத்திருக்கிறேன், கண்ணாடியில் காட்டினால் நேராகத் தெரியும். வெள்ளிக்கிழமை இறக்குகிறோம். புதன் ராத்திரியே பஸ் ஏறிவிடு. பிரஷ் வாங்கி வைக்கிறேன்.

உன்,
மடவை