இரண்டு தங்கம் அக்காக்களும் ஒரு தேன் கணக்கும்

குலசேகரம்
ஞாயிறு இரவு

அன்புள்ள விமலா,

உன் கடிதம் வந்து மாதங்கள் ஆகிவிட்டன. பதில் இல்லை என்று நீ என்னைத் திட்டியதை அம்மா ஒரு சொல் விடாமல் ஒப்பித்துவிட்டாள். தொலைபேசியில் அவளிடம் சொன்னால் எனக்குச் சொன்ன மாதிரிதான் என்று தெரிந்துதானே சொல்லியிருப்பாய்! அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மழை விட்டு விட்டுப் பெய்கிறது, ரப்பர் பால்வெட்டு பாதி நாள் நடப்பதில்லை. சின்னவன் மரச்சீனியைக் கண்டால் இன்னும் முகம் சுளிக்கிறான். பாட்டு டீச்சரைத் தக்கலை பஸ்ஸில் பார்த்தேன். உன்னை விசாரித்தார், அந்த ஆண்டுவிழாவை அவரும் மறக்கவில்லை. நலம் விசாரிப்பு இவ்வளவு போதும். எனக்குச் சொல்ல வேறு விஷயம் இருக்கிறது, நீ பொறுமையாகப் படிக்க வேண்டும்.

எங்கள் மகளிர் குழுவின் தேன் கணக்கு என் கைக்கு வந்ததைச் சொல்லியிருந்தேன் அல்லவா? ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர்விடும் மாதங்களில்தான் எங்களுக்குத் தேன் வரத்து. பூவில் அல்ல, இளந்தளிரின் காம்பில் சுரக்கும் இனிப்புக்காகவே தேனீ அந்தத் தோட்டங்களைச் சுற்றுகிறது. பெட்டி வைத்திருக்கும் பெண்கள் கேனில் தேனைக் கொண்டுவந்து எடை போட்டுக் கொடுப்பார்கள். பருவம் முடிந்ததும் மொத்தமாகப் பட்டுவாடா. இந்த ஆண்டுப் பட்டுவாடாவில், மேட்டுவிளைத் தங்கம் அக்காவுக்குச் சேர வேண்டிய பணம் ஆற்றோரத்துத் தங்கம் அக்காவின் வங்கிக் கணக்குக்குப் போய்விட்டது. நோட்டில் பல இடங்களில் வெறும் 'தங்கம்' என்றுதான் இருந்தது. சில பக்கங்களில் ஊர் இருந்தது, சிலவற்றில் தொலைபேசி எண், அதுவும் பழைய எண். ஒவ்வொரு முறை தேன் வரும்போதும் பெயர், ஊர், எண் எல்லாவற்றையும் புதிதாக எழுதுவது எனக்கு முன்பிருந்தே வந்த வழக்கம். ஒரே ஆளைப் பற்றி ஐந்து பக்கங்களில் ஐந்து விதமாக எழுதியிருந்தால் எதை நம்புவது? பணம் திரும்பி வந்தது, ஆனால் இருவருக்கும் இடையே பேச்சு நின்றுபோனது. ஒருவரை ஒருவர் சந்தேகித்துவிட்டார்கள். இருவரும் ஒரு பொய்யும் சொல்லாதவர்கள், விமலா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என் அக்கா மகன் நாகர்கோவிலில் பொறியியல் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தவனிடம் நோட்டைக் காட்டினேன். அவன் புரட்டிப் பார்த்துவிட்டு, "சித்தி, இதைக் கம்ப்யூட்டரில் அப்படியே ஏற்றினாலும் இதே சண்டைதான் வரும்" என்றான். பிறகு ஒரு தாளில் மூன்று கட்டங்கள் வரைந்தான், ஒவ்வொன்றும் ஒரு பட்டியல். அன்று தொடங்கியது. இப்போது சமையல் முடிந்ததும் நான் உட்காரும் இடம் அந்தப் பழைய மடிக்கணினியின் முன்தான்.

முதல் கட்டத்தில் உறுப்பினர்கள்: எண், பெயர், ஊர், தொலைபேசி, வங்கிக் கணக்கு. ஓர் ஆளுக்கு ஒரே ஒரு வரி. இரண்டாவதில் தேனீப் பெட்டிகள். எந்தப் பெட்டி, யாருடையது, எந்தத் தோட்டத்தில் இருக்கிறது. மூன்றாவதில் தேன் வரவு: தேதி, பெட்டி எண், எடை. மூன்றாவது கட்டத்தில் பெயரே கிடையாது. பெட்டி எண்ணைப் பிடித்தால் இரண்டாம் கட்டத்தில் உறுப்பினர் எண் கிடைக்கும், அதைப் பிடித்தால் முதல் கட்டத்தில் ஆள் கிடைப்பாள். மேட்டுவிளை அக்காவின் எண் 17, ஆற்றோரத்து அக்காவின் எண் 32. தங்கம் அக்கா தொலைபேசியை மாற்றினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும், பழைய வரவுகள் எல்லாம் தாமாகவே புதிய எண்ணைக் காட்டும். ஓர் ஆளைச் சந்தேகமின்றிச் சுட்டும் அந்த உறுப்பினர் எண்ணுக்கு முதன்மைத் திறவுகோல் என்று பெயர். அதையே இன்னொரு பட்டியலில் குறிப்பிட்டால் அங்கே அது அயல் திறவுகோல்.

நான் பயன்படுத்துவது எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருள். இலவசம், தரவு முழுவதும் ஒரே கோப்பில் இருக்கும். உன் கைப்பேசியில் தொடர்பு எண்களைச் சேமித்து வைப்பதும் இதேதான், உனக்குத் தெரியாமலே தினமும் பயன்படுத்துகிறாய். ஒன்று மட்டும் இதில் கவனிக்க வேண்டும். அயல் திறவுகோலைச் சரிபார்க்கும் வேலையை எஸ்கியூலைட் வழக்கமாகத் தானாகச் செய்வதில்லை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதற்கான கட்டளையைக் கொடுத்து முடுக்கிவிட வேண்டும். முடுக்கியபின் இல்லாத உறுப்பினரின் பெயரில் ஒரு பெட்டியைப் பதிந்து பார்த்தேன். மாட்டேன் என்று மறுத்துவிட்டது. அந்த மறுப்பைப் பார்த்து நான் கைதட்டினேன், அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். எந்த நோட்டும் இதுவரை எங்களிடம் 'மாட்டேன்' என்று சொன்னதில்லையே.

கேள்வி கேட்பதற்கான மொழி எஸ்கியூஎல். யார் எவ்வளவு தேன் கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டுமானால், மூன்று பட்டியல்களையும் எண்கள் பொருந்தும் இடத்தில் இணை, ஆள்வாரியாகத் தொகு, எடையைக் கூட்டு என்று சொன்னால் போதும். எந்தப் பக்கத்தை முதலில் புரட்ட வேண்டும், எப்படித் தேட வேண்டும் என்றெல்லாம் நாம் சொல்லத் தேவையில்லை. ஆனால் தொகுக்கும்போது பெயரை வைத்துத் தொகுக்கக் கூடாது, எண்ணை வைத்துத்தான் தொகுக்க வேண்டும். பெயரை வைத்தால் இரண்டு தங்கம் அக்காக்களும் ஒருவராகிவிடுவார்கள், கணினியும் அதைத் தவறென்று சொல்லாது. இதைப் பையன் என்னிடம் பலமுறை சொன்னான், நானும் உன்னிடம் சொல்கிறேன்.

இந்த யோசனையைக் கொடுத்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது. எட்கர் காட் என்று பெயர். இங்கிலாந்துக்காரர், இரண்டாம் உலகப்போரில் விமானம் ஓட்டியவர். பிறகு அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில் வேலை பார்த்தார். 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு முன் கணினியில் ஒரு தகவலைத் தேட, அது உள்ளே எந்த வழியில் கோத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று நிரல் எழுதுபவர் தெரிந்திருக்க வேண்டும். கோத்த விதம் மாறினால் நிரலையும் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் எளிய பட்டியல்களாக வைப்போம், எது வேண்டும் என்று மட்டும் கேட்போம், எடுக்கும் வழியைக் கணினி பார்த்துக்கொள்ளட்டும் என்றார் காட். அவருடைய நிறுவனமே அதை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை, விற்பனையில் இருந்த பழைய மென்பொருள் அவர்களுக்கு முக்கியமாகப் பட்டது. அதே நிறுவனத்தைச் சேர்ந்த சேம்பர்லின், பாய்ஸ் என்ற இருவர் 1974-இல் இந்தக் கேள்வி மொழியை வடிவமைத்தார்கள். காட்டுக்கு 1981-இல் கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருது கிடைத்தது. நம் கல்லூரியில் கணினி அறை என்று ஒன்று பூட்டிக் கிடந்ததே, அதைத் திறந்து இவ்வளவையும் அப்போதே யாராவது சொல்லியிருந்தால் நம் இருவர் வாழ்க்கையும் வேறு திசையில் போயிருக்கும். இந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அடுத்துப் படித்தது பரிவர்த்தனை. குழுக் கணக்கில் பணத்தைக் கழிப்பதும் உறுப்பினர் கணக்கில் கூட்டுவதும் இரண்டு வேலைகள். கழித்த பிறகு, கூட்டுவதற்கு முன் மின்சாரம் போனால் என்ன ஆகும்? இடி இடித்தால் இங்கே மின்சாரம் போவது உனக்கே தெரியும். இரண்டையும் ஒரே பரிவர்த்தனையாக அறிவித்துவிட்டால், நடந்தால் இரண்டும் நடக்கும், இல்லையேல் இரண்டுமே நடக்காது. பாதியில் நின்றது ஒன்றும் மிஞ்சாது. சேமித்துக்கொண்டிருக்கும்போதே கணினியைச் சட்டென்று அணைத்துப் பார்க்கச் சொன்னான் பையன். அணைத்தேன். திரும்ப ஏற்றிப் பார்த்தபோது பணம் குழுக் கணக்கில் அப்படியே இருந்தது.

இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் முதன்மையானவர் ஜிம் கிரே என்ற அமெரிக்கக் கணினி அறிஞர். 1998-இல் டூரிங் விருது பெற்றவர். 2007 ஜனவரியில், இறந்துபோன தாயின் சாம்பலைக் கடலில் கரைப்பதற்காகச் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தனியாகப் பாய்மரப் படகில் போனார். திரும்பவில்லை. செயற்கைக்கோள் படங்களை எல்லாம் நண்பர்கள் கூறுபோட்டுத் தேடினார்கள். படகும் கிடைக்கவில்லை, அவரும் கிடைக்கவில்லை. இதைப் படித்த இரவு நான் கணினியை மூடிவிட்டேன், விமலா. 2017 நவம்பர் முப்பதாம் தேதிதான் நினைவுக்கு வந்தது.

ஒக்கிப் புயல் அடித்தபோது நீ இங்கே இல்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடிப் பக்கம் வீட்டுக்கு வீடு அழுகை. அந்த நாட்களில் காணாமல் போனவர்களின் பட்டியலைப் பலர் தனித்தனியாக எழுதினார்கள். ஒருவர் எண்ணிக்கை இன்னொருவர் எண்ணிக்கையோடு பொருந்தவில்லை. ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் நம் கரையிலிருந்து மட்டுமா போகிறார்கள்? கொச்சியிலிருந்தும் இன்னும் தொலைவிலிருந்தும் படகேறுகிறார்கள். யார் யார் கடலில் இருக்கிறார்கள் என்ற முழுப் பட்டியல் ஓரிடத்தில் இல்லை. கரை திரும்பியவர்களை எண்ணலாம். திரும்பாதவர்களை எதை வைத்து எண்ணுவது? ஒரே ஞானஸ்நானப் பெயரில் ஒரே தெருவில் மூன்று பேர் இருக்கும் ஊர்கள் அவை. ஒருவர் பெயர் இரண்டு முறை வந்தாலும், இரண்டு பேர் ஒரே வரியில் அடங்கிப்போனாலும் ஒரு குடும்பம் அலைந்தே தீர வேண்டும்.

உனக்கு நான் சொல்ல வந்தது இதைத்தான். பட்டியல்களை இணைப்பதில் நாம் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு வகை. சாதாரணமாக இணைத்தால் இரண்டு பக்கமும் பொருந்துகிறவர்கள் மட்டுமே விடையில் வருவார்கள். தேன் கொடுத்தவர்கள் வருவார்கள், கொடுக்காதவர்கள் சத்தமின்றி விழுந்துவிடுவார்கள். விடை பார்க்க முழுமையாகவே இருக்கும், ஒரு குறையும் தெரியாது. லெஃப்ட் ஜாயின் என்று இன்னொன்று இருக்கிறது. அது முதல் பட்டியலில் உள்ள எல்லோரையும் வைத்துக்கொள்ளும். பொருத்தம் கிடைக்காதவர்களுக்கு எதிரே 'நல்' (NULL) என்று வெற்றிடம் விடும். அந்த வெற்றிடங்களை மட்டும் காட்டு என்று கேட்டால், வராதவர்கள் யார் என்று தெரிந்துவிடும். அதற்கு முழுப் பட்டியல் முன்கூட்டியே இருக்க வேண்டும். காற்று அடித்த பிறகு எழுதத் தொடங்கினால் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

எங்கள் குழுவின் பட்டியலிலும் அந்தக் கேள்வியைக் கேட்டேன். நான்கு பெயர்கள் வந்தன. அதில் ஒருவர் ரோஸ்லி அக்கா. இந்தப் பருவத்தில் அவர் ஒரு சொட்டுத் தேனும் கொண்டுவரவில்லை. எங்கள் நோட்டு தேன் கொண்டுவந்தவர்களை மட்டுமே எழுதும் நோட்டு, அதனால் அவர் வராததை ஒருவரும் கவனிக்கவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தேன். கொல்லையில் பெட்டிகள் எல்லாம் காலி, மூடிகள் கவிழ்த்துக் கிடந்தன. நோய் வந்து தேனீப் புழுக்கள் செத்து, தேனீக் கூட்டங்கள் அழிந்துவிட்டனவாம். "யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை" என்றார். அடுத்த குழுக் கூட்டத்தில் பேசி, பெருகியிருக்கும் தேனீக் கூட்டங்களைப் பிரித்து அவருக்கு இரண்டு பெட்டி கொடுப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். ஒன்றை மேட்டுவிளைத் தங்கம் அக்கா தருகிறார், இன்னொன்றை ஆற்றோரத்துத் தங்கம் அக்கா. இருவரும் இப்போதும் நேருக்கு நேர் பேசுவதில்லை, எனக்கு அந்தக் கவலை இருக்கிறது. ஆனால் ஒரே நேரத்தில் கை தூக்கினார்கள்.

அந்த வெற்றிடத்தைப் பற்றி இன்னொன்று. அது பூஜ்யம் அல்ல. நடுவில் தராசு பழுதாகி ஒருவருடைய எடை பதியப்படாமல் போனது. அங்கே பூஜ்யம் போட்டால் அவர் ஒன்றும் கொண்டுவரவில்லை என்று ஆகிவிடும். 12, 8 என்ற இரண்டு எடைகளோடு ஒரு வெற்றிடம் இருந்தால் சராசரி 10 என்று வரும், வெற்றிடத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பூஜ்யம் போட்டிருந்தால் ஏழுக்கும் கீழே போயிருக்கும். தெரியாததைத் தெரியாது என்றே வைக்க இடம் கொடுக்கும் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். தென்காசியில் நீ நடத்தும் நூலகத்தை ஒரு நீளமான எக்செல் தாளில் வைத்திருக்கிறாய், ஒவ்வொரு முறை புத்தகம் வெளியே போகும்போதும் வாசகரின் முகவரியை மறுபடி தட்டுகிறாய். போன முறை நீயே பெருமையாகச் சொன்னாய்! அதை விடு. வாசகர் ஒரு பட்டியல், நூல் ஒரு பட்டியல், பிரதி ஒரு பட்டியல், இரவல் ஒரு பட்டியல். நூலையும் பிரதியையும் ஒன்றாக்கிவிடாதே. ஒரே நாவலின் மூன்று பிரதிகள் இருந்தால், ஆசிரியர் பெயர் நூல் பட்டியலில் ஒரே முறைதான் இருக்க வேண்டும். எது கிழிந்தது, எது யாரிடம் இருக்கிறது என்பது பிரதியைச் சேர்ந்தது. இரவலில் திரும்பிய தேதியை வெற்றிடமாக விடு. திரும்பாத புத்தகங்கள் எவை என்று கேட்டால் அந்த வெற்றிடம்தான் பதில் சொல்லும். ஓராண்டாக நூலகப் பக்கமே வராத வாசகர்கள் யார் என்றும் கேட்டுப் பார், அவர்களில் வயதானவர்கள் வீட்டுக்கு ஒரு நடை போய் வா.

ஆடி அமாவாசைக்குக் குழித்துறை வாவுபலிப் பொருட்காட்சியில் கடை போட முயன்றுகொண்டிருக்கிறோம். மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபின், இது யாருடைய பெட்டித் தேன் என்று கேட்டு வாங்குகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். இந்த முறை பாட்டிலைப் பார்த்துப் பதில் சொல்ல எங்களிடம் எண் இருக்கும். நீ வந்தால் இரண்டு நாள் தங்குவது போல வா. அதற்கு முன் அந்த நான்கு பட்டியல்களுக்கும் என்னென்ன தலைப்புகள் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அனுப்பு. தலைப்புகள் மட்டும் போதும், ஒரு பெயரும் நிரப்பாதே. பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
சாந்தி