மாத்திரையின் காரணத்தைச் சொல்லிவிடுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். பிறப்பிலேயே எச்.ஐ.வி. தொற்றிய பிள்ளைகள் பலர் இன்று பத்தாம் வகுப்பிலும் கல்லூரி விடுதியிலும் இருக்கிறார்கள். 2004 ஏப்ரலில் தொடங்கிய இலவச ஏ.ஆர்.டி. சிகிச்சை, அதாவது எச்.ஐ.வி. கிருமியைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து, அவர்களை இதுவரை கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. ஒழுங்காக மாத்திரை போட்டு வந்த பிள்ளை 14, 15 வயதில் ஏன் நிறுத்திவிடுகிறது என்பதைத்தான் நாம் போதிய அளவு பேசவில்லை.

எதற்கென்று தெரியாமலே போட்டு வந்ததுதான் முதல் காரணம். "சளிக்கு", "சத்துக்கு" என்று வீட்டில் சொல்லி வைத்திருப்பார்கள். சளியே இல்லாதபோது ஏன் தினமும் என்று பிள்ளை கேட்பது நியாயம். ஆறு வயதில் "உடம்பில் ஒரு கிருமி இருக்கிறது, மாத்திரை அதைத் தலைதூக்க விடாது" என்று தொடங்கி, 12 வயதுக்குள் நோயின் பெயரையும் படிப்படியாகச் சொல்லிவிட வேண்டும். "எனக்கு எப்படி வந்தது?" என்ற கேள்வி அம்மாவை நோக்கித்தான் வரும். அதற்கான பதிலை ஏ.ஆர்.டி. மைய ஆற்றுப்படுத்துநரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது, யாரும் கவனிக்காத ஒன்று. 30 கிலோவைத் தாண்டிய பிள்ளைகள் பெரும்பாலும் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரையைத்தான் போடுகிறார்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். இரண்டையும் வெறும் வயிற்றில் சேர்த்துப் போட்டால் இரும்பு டோலுடெகிராவிரைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாது. சாப்பாட்டோடு போட்டால் சிக்கல் இல்லை. இல்லையென்றால் ஏ.ஆர்.டி. மாத்திரை இரும்புக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ இருக்க வேண்டும். கால்சியத்துக்கும் இதே கணக்கு. அலுமினியம், மெக்னீசியம் கலந்த நெஞ்செரிச்சல் மருந்துக்கு (ஆன்டாசிட்) உணவோடு சேர்க்கும் சலுகைகூடக் கிடையாது, இடைவெளி விட்டே ஆக வேண்டும்.

முன்பு தரப்பட்ட எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்தின் காலத்தில் தலைசுற்றலுக்குப் பயந்து இரவில் கொடுத்தோம். அந்தப் பழக்கம் பல வீடுகளில் இன்னும் மாறவில்லை. விடுதி அறையில் இரவு ஒன்பது மணிக்கு நாலு பேர் பார்க்க டப்பாவைத் திறக்க எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? டோலுடெகிராவிரைக் காலையிலேயே போடலாம். சிலருக்கு அது தூக்கத்தைக் கெடுப்பதால் காலைதான் நல்லதும்கூட. டப்பா குலுங்கும் சத்தத்துக்கு உள்ளே கொஞ்சம் பஞ்சு வைத்தால் போதும், ஈரம் உறிஞ்சும் சிறு பையை மட்டும் எடுத்துவிடக் கூடாது. ஒரு வேளை மாத்திரையை மறந்தால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளைக்கு 4 மணி நேரம்கூட இல்லையென்றால் விட்டுவிட வேண்டும், இரண்டாகப் போடக் கூடாது.

மாத்திரையை எண்ணிப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். தூக்கி எறிந்தாலும் எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும். உண்மையைச் சொல்வது வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவைப் பார்க்கும் பரிசோதனை. அது ஒரு மில்லிலிட்டருக்கு 1000 வைரஸ் பிரதிகளைத் தாண்டினால் திட்டத் தொடங்காமல், எந்த வேளை, எதனால் தவறியது என்று கேளுங்கள். மாத்திரை தவறாமல் போட உதவி செய்து, மறுபரிசோதனையும் பார்த்த பிறகே மருந்தை மாற்றுவது பற்றி யோசிக்க வேண்டும்.

ஏ.ஆர்.டி. மையங்களுக்கு ஒரு வேண்டுகோள். வைரல் லோடு கட்டுக்குள் இருக்கும் மாணவர்களுக்கு மூன்று மாத மருந்தைச் சேர்த்துக் கொடுங்கள், பரிசோதனையைப் பள்ளி விடுமுறையில் வையுங்கள். மாதந்தோறும் ஒருநாள் விடுப்பு எடுத்தால் வகுப்பில் காரணம் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே மையத்துக்கு வராமல் நின்றுவிடுகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், நாமக்கல்