பாலிசி போடும்போதே கேளுங்கள்

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்துக்கும் தமிழ்நாடு போக்குவரத்துத் துறைக்கும்,

வணக்கம்.

என் வண்டி பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர். மூன்று வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப் போனது. இரண்டு சக்கர வண்டியைக் காலூன்றி நிறுத்த என்னால் முடியாது. அதனால் ஸ்கூட்டர் வாங்கிய மறு வாரமே பட்டறையில் விட்டுச் சக்கரம் பொருத்தினேன். அதை ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழில், ஏற்றவில்லை. வண்டியில் செய்யும் மாற்றத்தைப் பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும், மாற்றத்தைத் தெரிவிக்க அது தரும் 14 நாள் கெடுவும் அப்போது எனக்குத் தெரியாது. தப்பு என் பேரில்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அதன் பிறகு ஆறு வருடம் பாலிசி எடுத்திருக்கிறேன். வண்டியில் ஏதாவது மாற்றியிருக்கிறீர்களா என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. ஒரு வருடம் புதுப்பிக்க நான்கு நாள் தாமதமானது. வண்டியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். நான்கு பக்கமும் எடுத்து அனுப்பினேன். பக்கச் சக்கரங்கள் பளிச்சென்று தெரிந்தன. மறுநாளே பாலிசி வந்துவிட்டது.

போன மாதம் ஒரு வேன் பின்னால் எடுக்கும்போது என் வண்டியில் மோதியது. ஃபோர்க் வளைந்தது, ஹெட்லைட் உடைந்தது. சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய சர்வேயர் வந்தார். வளைந்த ஃபோர்க்கைப் பார்ப்பதற்கு முன்னால் பக்கச் சக்கரங்களைத்தான் போட்டோ எடுத்தார். பத்து நாளில் கடிதம் வந்தது: அனுமதி பெறாத மாற்றம், இழப்பீடு கிடையாது. நின்ற வண்டியில் மோதியது வேன். என் சக்கரம் அந்த விபத்துக்கு எப்படிக் காரணமாகும்?

சரி, இனியாவது ஆர்.சி.யில் ஏற்றிவிடலாம் என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் போனேன். பதிவு செய்யும் இடம் முதல் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் இல்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினேன். முதல் நாள், வண்டியைச் சோதிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் வெளியூர். இரண்டாம் முறை, பட்டறை ரசீது போதாது என்றார்கள். மூன்றாம் முறை ஏறும்போது ஒரு பையன் என் பையை வாங்கிக்கொண்டு கூடவே வந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. கால் முடியாதவருக்கான வண்டியைப் பதிவு செய்யும் இடத்துக்குக் கால் முடியாதவரே மாடி ஏறி வர வேண்டுமா?

உற்பத்தியாளர் தந்த அடிப்படை அம்சங்களை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதை நான் மதிக்கிறேன். ஊரைக் கிழிக்கும் சைலன்சரை மாட்டிக்கொண்டு போகிறவர்களைப் பிடியுங்கள், நானும் கை தட்டுகிறேன். ஆனால் அதே 2019-ல் வந்த சட்டத் திருத்தம்தான் மாற்றுத்திறனாளிக்காக மாற்றியமைத்த வண்டியைத் தனி வகையாக ஏற்றுக்கொண்டது. காப்பீட்டிலும் இப்படிப்பட்ட வண்டிக்குச் சொந்தச் சேத பிரீமியத்தில் (நம் வண்டிக்கே ஆகும் சேதத்துக்காகக் கட்டும் தொகையில்) 50 சதவீதத் தள்ளுபடி தரும் வழக்கம் உண்டு, ஆர்.சி.யில் பதிவு இருந்தால். ஆறு வருடமும் யாரும் அதை என்னிடம் சொல்லவில்லை. முழுப் பிரீமியத்தையும் வாங்கிக்கொண்டார்கள். பணம் வாங்கும்போது கேள்வி கிடையாது, கொடுக்கும்போதுதான் அத்தனை கேள்வியும். சாதாரண மனிதன் எந்தத் தைரியத்தில் பாலிசி எடுப்பான்?

கோபத்தில் பேசிவிட்டேன், மன்னிக்கவும். நான் கேட்பது இதுதான். வண்டியில் மாற்றம் உண்டா என்பதைப் பாலிசி போடும்போதே கேளுங்கள், விபத்துக்குப் பிறகு கேட்காதீர்கள். போட்டோவில் மாற்றம் தெரிந்தால் அன்றைக்கே சொல்லுங்கள், ஆர்.சி.யில் ஏற்றிக்கொண்டு வருகிறோம். அதற்குப் போக்குவரத்துத் துறை மாதத்தில் ஒரு நாளாவது தரைத்தளத்தில், வண்டி நிற்கும் இடத்திலேயே, பக்கச் சக்கர வண்டிகளைச் சோதித்துப் பதிவு செய்து தர வேண்டும். என்னென்ன காகிதம் வேண்டும் என்பதையும் ஒரே தடவையில் எழுதிக் கொடுங்கள்.

என் ஸ்கூட்டர் இன்னும் பட்டறையில் நிற்கிறது. தையல் கடைக்கு ஆட்டோவில் போய் வருகிறேன், ஒரு நாளைக்கு 160 ரூபாய். தயவுசெய்து விரைவில் ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
பக்கச் சக்கர ஸ்கூட்டர் ஓட்டும் ஒரு தையல்காரர்